2 வில்விநாடியா, 5 வில்விநாடியா?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. குவேசார்களை, அதாவது தொலைதூர விண்மீன் மண்டலங்களின் மிகப் பிரகாசமான மையங்களை, ரேடியோ பட்டியலையும் ஒளிப் பட்டியலையும் பொருத்தித் தொகுக்கும் வேலையில் இறங்கிவிட்டாய் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஒவ்வொரு ரேடியோ மூலத்தைச் சுற்றியும் ஒளிப்பொருளைத் தேடும் ஆரத்தை 2 வில்விநாடியிலிருந்து (வில்விநாடி என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) 5 வில்விநாடியாக்கினால் இன்னும் நிறைய அகப்படுமே என்று கேட்டிருந்தாய். அகப்படும், குப்பையும் சேர்ந்து. சதுர பாகைக்கு 10,000 ஒளிப்பொருள்கள் என்று வை. 2 வில்விநாடிக்குள் தற்செயலாக ஒன்று விழும் வாய்ப்பு ஏறக்குறைய 1 சதவீதம். 5 வில்விநாடி என்றால் 6 சதவீதம். ரேடியோ மூலங்களின் ஆயங்களை (வானில் அவற்றின் இடத்தைக் குறிக்கும் எண்களை) எல்லாம் ஒரே திசையில் சில வில்நிமிடம் தள்ளி மறுபடி பொருத்திப் பார். அப்போது வருவதெல்லாம் பொய்ப் பொருத்தம். உன் வான்பகுதிக்கான பிழைக் கணக்கு அதிலேயே கிடைத்துவிடும்.

ஃபர்ஸ்ட் என்ற ரேடியோ வான் அளவாய்வின் கூர்மை 5 வில்விநாடி; இடப்பிழை 1 வில்விநாடிக்கும் குறைவு. ஆகவே 2 போதும். இன்னொரு ரேடியோ அளவாய்வான என்.வி.எஸ்.எஸ்.ஸின் கற்றை 45 வில்விநாடி அகலம், அதாவது கூர்மை குறைவு; அதை நேரடியாகப் பொருத்தாதே. ஆனால் பரந்த மூலங்களின் மொத்தப் பாய்வை (நம்மை வந்தடையும் ரேடியோ ஆற்றலின் அளவை) அதிலிருந்தே எடு; ஃபர்ஸ்ட் அதில் ஒரு பகுதியைத் தவறவிடும்.

சின்ன ஆரத்தில் நழுவிப்போவது இரட்டை மடல் குவேசார்கள், அதாவது நடுக்கருவின் இருபுறமும் ரேடியோ வீசும் பெரிய மடல்கள் கொண்டவை. நடுக்கரு மங்கலாக இருந்தால் பட்டியலில் இரண்டு மடல்கள் மட்டும் தனித்தனியாக நிற்கும். இரண்டின் இடத்திலும் ஒளிப்பொருள் இருக்காது. 60 வில்விநாடிக்குள் இருக்கும் இணைகளைப் பிரித்தெடுத்து, நடுப்புள்ளியைச் சுற்றித் தேடு. மடல்கள் சமதூரத்தில் இருப்பது அரிது, அதனால் படத்தைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

நிறத்தை வைத்துக் குவேசார்களைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டிய இடம் செம்பெயர்ச்சி (விரியும் அண்டத்தில் ஒளியின் அலைநீளம் நீண்டுபோகும் அளவு) 2.7 அருகே. அங்கே குவேசாரின் நிறம் ஏ, எஃப் வகை விண்மீன்களோடு கலந்துவிடும். சாதாரண விண்மீன் ரேடியோவில் தென்படுவதில்லை என்பதால் அங்கே ரேடியோ பொருத்தம் பொன் போன்றது. ஆனாலும் குவேசார்களில் ரேடியோவில் உரத்தவை பத்தில் ஒன்றுதான். எந்தப் பொருள் எந்த வழியாக (நிறமா, ரேடியோவா) உள்ளே வந்தது என்று தனி நெடுவரிசையில் குறித்து வை. இல்லாவிட்டால் பிறகு எண்ணிக்கை ஆய்வு எதற்கும் பட்டியல் உதவாது.

நிறமாலையில் ஒற்றைக் கோட்டை நம்பாதே. 5,596 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் அகலமான கோடு ஒன்று தெரிகிறது என்று வை. அது இயல்பில் 2,798 ஆங்ஸ்ட்ராமில் இருக்கும் மக்னீசியம் கோடு என்றால் செம்பெயர்ச்சி 1.00, 1,549-இல் இருக்கும் கார்பன் கோடு என்றால் 2.61. இரண்டாவது சரியானால் ஹைட்ரஜனின் லைமன் ஆல்ஃபா கோடு 4,390 ஆங்ஸ்ட்ராம் அருகே இருந்தாக வேண்டும். அது இல்லையென்றால் கார்பன் என்று எழுதாதே.

இரட்டை மடல் சந்தேகங்களை ஆயங்களோடு அனுப்பு. படங்களைச் சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்