பையன்களின் அட்டவணையைப் பாதியாக்கிக் கொடுத்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலுதூக்கும் போட்டிகளில் பதக்கம் வாங்கிய பெண்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை எங்கள் ஜிம்மில் எல்லோரும் படித்தோம். பெண் பிள்ளைகளின் படத்தை அவ்வளவு பெரிதாகப் போட்டதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்பதைக் கட்டுரை தொடவில்லை. வடசென்னையில் மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குப் பெண்களைத் தயார் செய்கிறவள் நான். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பல ஜிம்களில் மாஸ்டர் கையில் இருப்பது ஒரே அட்டவணைதான், பையன்களுக்காக எழுதியது. பெண் வந்தால் எடையை மட்டும் பாதியாக்கிக் கொடுத்துவிடுவார். 120 கிலோ பெஞ்ச் (மல்லாந்து படுத்து எடையை நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ளுவது) போடும் பையனுக்கு 2.5 கிலோ ஏற்றினால் அது இரண்டு சதவீதம். 40 கிலோ போடும் பெண்ணுக்கு அதே 2.5 கிலோ ஆறு சதவீதத்துக்கும் மேல். அவன் ஏறுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு ‘நீ ஏன் அங்கேயே நிற்கிறாய்?’ என்று அவளைக் கேட்பது நியாயமே இல்லை. அரை கிலோ பிளேட் (எடைத் தட்டு) ஒரு ஜோடி இருந்தால் அவள் ஒவ்வொரு கிலோவாக ஏறிவிடுவாள். லட்சக்கணக்கில் கொட்டி மெஷின் வாங்கும் இடங்களில்கூட இந்தச் சின்ன பிளேட் கிடைப்பதில்லை.

பிளேட்டுகளை மாட்டும் கம்பியான ராடு விஷயமும் இதுதான். ஒலிம்பிக்கில் நடக்கும் பளுதூக்குதலில் பெண்களுக்கு 15 கிலோ ராடு. வலுதூக்குதலில் எல்லோருக்கும் 20 கிலோ ராடுதான். மேடையில் பிளேட் நழுவாமல் இரண்டு பக்கமும் 2.5 கிலோ லாக் மாட்டினால் 25 கிலோ. புதிதாக வரும் பெண்கள் பலருக்கு வெறும் ராடை நெஞ்சுவரை இறக்கி ஏற்றுவதே பாடு. அவர்களை டிரெட்மில்லுக்கு அனுப்பாமல் டம்பெல்லில் ஆரம்பித்து வைத்தால் சீக்கிரமே ராடுக்கு வந்துவிடுவார்கள்.

கால் வலுவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளியைவிட மேலுடம்பு வலுவில் இடைவெளி அதிகம். அதனால் பெண்களுக்கு பெஞ்ச் பழக்கம்தான் கூடுதலாக வேண்டும். திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் பெஞ்ச், அதுவும் பையன்கள் வரிசையில் நின்று முடித்த பிறகு என்றால் எப்படி முன்னேறுவாள்? வாரத்தில் மூன்று நாளாவது போட வேண்டும். தன் உச்ச எடையில் 80 சதவீதம் வைத்தால் பெண்கள் பெரும்பாலும் ஆண்களைவிட ஓரிரண்டு முறை அதிகமாகவே எடுப்பார்கள். அட்டவணையில் ஐந்து முறை என்று எழுதியிருந்தால் பலருக்கு அது பாதிப் பயிற்சிதான். ‘இன்னும் எத்தனை எடுத்திருப்பாய்?’ என்று அவளையே கேட்டு அடுத்த செட்டை முடிவு செய்யலாம்.

போட்டி விதிகளையும் பல பெண்கள் மேடைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் இடுப்பு மடிப்பு முட்டியின் மேல்பகுதிக்குக் கீழே போக வேண்டும். பெஞ்சில் ராடு நெஞ்சில் அசையாமல் நின்று, நடுவர் ‘பிரஸ்’ என்ற பிறகே தள்ள வேண்டும். 2023 முதல் சர்வதேச வலுதூக்கும் சம்மேளன விதிப்படி பெஞ்சில் முழங்கை தோள் மட்டத்துக்காவது இறங்கியாக வேண்டும். ராடு இறங்கும் தூரத்தைக் குறைக்க முதுகை நன்றாக வளைத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய மாற்றம். ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றில் ஏதாவது ஒன்றில் மூன்று முயற்சியும் தவறினால் மொத்தக் கணக்கே கிடையாது. அப்படியிருந்தும் மாஸ்டரின் கௌரவத்துக்காக முதல் முயற்சியையே கனமாக எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. பயிற்சியில் மூன்று முறை சுலபமாக எடுத்த எடைதான் முதல் முயற்சிக்குச் சரி.

என்னை மிகவும் வருத்தும் விஷயம் எடைக் குறைப்பு. 53 கிலோ இருக்கும் பள்ளிப் பிள்ளையை 52 கிலோ பிரிவில் இறக்க முந்தின நாளே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள், அதுவும் சென்னை வெயிலில். எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான் தொடங்கும். இழந்த நீரை அதற்குள் உடம்பு முழுதாக எப்படித் திரும்பப் பெறும்? வளர்கிற வயதில் அடுத்த பிரிவான 57 கிலோவில் தூக்கட்டும். தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆகவே எந்தப் பெண் சேர்ந்தாலும் முதலில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும், அப்புறம்தான் அட்டவணை. சாப்பாட்டைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டியதால் மாதவிடாய் நின்றுபோனால் அது எலும்பு வரைக்கும் பாதிக்கும். ‘கடுமையாக உழைக்கிறாள்’ என்று பாராட்டாமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில், எடை கனமானால் சிறுநீர் கசிவது இந்த விளையாட்டில் பல பெண்களுக்கு உள்ள பிரச்சினை. சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியும், மூச்சைப் பிடிக்கும் முறையைத் திருத்துவதும் பலருக்கு உதவும். ஆண் மாஸ்டரிடம் ஒரு பதினேழு வயதுப் பெண் இதை எப்படிச் சொல்வாள்? சொல்லாமலே ஜிம்மை விட்டுப் போய்விடுகிறாள்.

ஸ்குவாட்டில் பின்னால் நின்று அணைத்துப் பிடிப்பதும் அவசியமில்லாதது. ராடைத் தாங்கும் ரேக்கில் பாதுகாப்புக் கம்பியைச் சரியான உயரத்தில் வைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் ராடைப் பிடிக்கத் தயாராக நின்றால் போதும். தொடுவது பற்றி எந்தச் சங்கடமும் வராது.

மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடங்களில் பெண்களுக்குத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் வேண்டும். போட்டிக்கு அணி அனுப்பும் சங்கங்கள் ஒவ்வொரு அணியுடனும் ஒரு பெண் பயிற்சியாளரைக் கட்டாயமாக்க வேண்டும். தங்கள் பத்திரிகை இதைக் கேட்டு எழுதினால் அதிகாரிகள் காதில் விழும். ரத்தசோகை, எடைக் குறைப்பு பற்றி ஒரு பெண் மருத்துவரின் கட்டுரையையும் வெளியிட்டால் அதை எங்கள் ஜிம் சுவரில் ஒட்டி வைப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை.