பூட்டாமல் காத்திருந்தவர்களுக்கு

மன்னார்குடி நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஞாயிறு மாலை நூலக மாடியில் பேசி முடித்த பிறகு நன்றி சொல்ல நின்றேன். நினைவுக்கு வந்த முதல் பெயரே ‘ப’வில் தொடங்கியது. உதடு ஒட்டிக்கொண்டது, காற்று நின்றுவிட்டது. கைகூப்பிவிட்டு அமர்ந்துவிட்டேன். அன்று விட்டுப்போன நன்றியை இப்போது எழுதுகிறேன். எழுதும்போது எனக்குத் திக்குவதில்லை.

முதல் நன்றி நூலகர் அம்மாவுக்கு. பதினோரு ஆண்டுகளாக அவரிடம் புத்தகம் எடுக்கிறேன். வாசகர் வட்டத்தில் பிடித்த ஒருவரைப் பற்றிப் பேசும்படி அவர் கேட்டபோது, இருபது நிமிடப் பேச்சு எனக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று தாளில் எழுதிக் காட்டினேன். “ஆகட்டும். கதவைப் பூட்டுகிறவள் நான்தானே” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

நான் தேர்ந்தெடுத்தது ரோவன் அட்கின்சனை. மிஸ்டர் பீன் என்றால் நம் தெருக் குழந்தைகள்கூடச் சிரிப்பார்கள். அந்த முகத்துக்கு உரியவர் சிறு வயது முதல் திக்குவாயோடு வாழ்பவர் என்பது அரங்கில் பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் வட்டாரத்துக் கான்செட் ஊரில் 1955 ஜனவரி 6 அன்று பிறந்தவர் அவர். நியூகாசிலில் மின்பொறியியல் படித்துவிட்டு, மேற்படிப்புக்கு ஆக்ஸ்போர்டு போனார். அங்கே எழுத்தாளர் ரிச்சர்ட் கர்ட்டிஸும் இசையமைப்பாளர் ஹோவர்ட் குடாலும் நண்பர்களாகக் கிடைத்தார்கள். நடிப்பு அவரை இழுத்துக்கொண்டது.

அவருடைய ஆய்வேடு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் கட்டுப்பாட்டு முறைகளைப் பற்றியது. அது எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. மூன்று மாலைகள் எனக்காக ஒதுக்கிய ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர் ஐயாவுக்கு நன்றி. “மேடு பள்ளத்துக்கு ஏற்ப டிரைவர் வண்டியின் பிடியை மாற்றிக்கொள்கிறார் அல்லவா, அதை இயந்திரமே செய்தால் எப்படி இருக்கும்?” என்று அவர் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. அட்கின்சன் தன் நாக்குக்குச் செய்ததும் ஏறக்குறைய அதுதான். ஆங்கிலத்தில் ‘பி’ (B) எழுத்தில் தொடங்கும் சொற்கள் அவருக்கு முட்டும். அந்த ஒலியை அளவுக்கு மீறி அழுத்தி, வெடித்து உச்சரித்துத் தாண்டப் பழகிக்கொண்டார். ‘பிளாக்ஆடர்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவையின் 1986இல் வந்த இரண்டாம் தொடரில், ஆண் வேடமிட்டு வரும் ஒரு பெண்ணை அவர் ‘பாப்’ என்று அழைப்பார். அந்த ஒற்றைச் சொல்லுக்கே அரங்கம் குலுங்கும். என் பெயரும் ‘ப’வில்தான் தொடங்குகிறது. அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். திக்குவாய் என்பதால்தான் அவர் பேசாத மிஸ்டர் பீனுக்குள் ஒளிந்துகொண்டார் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதல்ல. மிஸ்டர் பீன் தொலைக்காட்சிக்கு வந்தது 1990 ஜனவரி 1 அன்று. அதற்கு முன்பே பி.பி.சி.யின் ‘நாட் தி நைன் ஓ’கிளாக் நியூஸ்’ நிகழ்ச்சியில் 1979 முதல் 1982 வரை செய்தி வாசிப்பவராகவும் அரசியல்வாதியாகவும் பேசித் தீர்த்தவர் அவர். 1983 முதல் 1989 வரை நான்கு தொடர்களாக வந்த ‘பிளாக்ஆடர்’ முழுக்க முழுக்கச் சொல்லால் கட்டியது. அவருடைய நாக்கு அதில் கத்தியைப் போல வெட்டும். பேச்சை வென்று காட்டியவர்தான் பிறகு பேச்சை விலக்கினார். 1987இல் கனடாவின் மான்ட்ரியல் நகைச்சுவை விழாவில், தன்னைப் பிரெஞ்சு மொழி மேடையில் ஏற்றும்படி அவரே கேட்டு வாங்கினார். ஆங்கிலம் அறியாதவர்களை உடம்பால் மட்டும் சிரிக்க வைக்க முடியுமா என்று சோதித்துப் பார்க்கத்தான். எத்தனை துணிச்சல்!

‘பிளாக்ஆடர்’ வசனங்களைத் தமிழில் சொல்ல உதவிய ஆங்கில ஆசிரியை அம்மாவுக்கு மிக்க நன்றி. சிலேடைகளைத் தமிழாக்க முடியாது என்று முதலில் கையை விரித்தவர், மறுநாள் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். கடைசித் தொடரின் முடிவில், முதல் உலகப் போரின் பதுங்குகுழியிலிருந்து எல்லோரும் மேலேறி ஓட, அந்தப் போர்க்களம் பூக்கள் நிறைந்த வயலாக மாறும். அந்தக் காட்சியைத் திரையிட்டபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கவனித்தேன். புரொஜெக்டரை இயக்கிய கல்லூரி மாணவர்கள் இருவரும் அந்த இடத்தில் நான் கேட்காமலே சற்று நேரம் திரையை அப்படியே விட்டுவைத்தார்கள். தம்பிகளே, உங்களுக்கு நல்ல மனது.

வேறொரு பாத்திரமாக நிற்கும்போது தன் திக்கல் விலகிவிடுவதாக அட்கின்சன் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த வழி கிடையாது; ஞாயிறன்று நான் நானாகவே நிற்க வேண்டியிருந்தது. ஆறாம் வகுப்பில் வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ வாயிலிருந்து வருவதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். வகுப்பில் உட்கார்ந்திருந்தும் வராதவன் என்று என் பெயருக்கு நேரே எழுதப்பட்ட நாட்கள் பல. அதன் பிறகு ஒரு கூட்டத்தின் முன்னால் நான் வாய் திறந்தது இந்த ஞாயிறன்றுதான். நாற்பது பேர் இருந்தீர்கள். ஒருவர்கூட என் வாக்கியத்தை எனக்காக முடித்துவைக்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ‘மெதுவாகச் சொல்லுங்கள்’ என்றுகூட யாரும் சொல்லவில்லை. அன்போடுதான் எல்லோரும் அப்படிச் சொல்வார்கள். ஆனால் அதைக் கேட்டால் தொண்டை இன்னும் இறுகும். அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

என் மனைவிக்குத் தெரியும். பதினான்கு ஆண்டுகளாகக் காத்திருந்து கேட்கிறவள். ஒத்திகைக்காக இரவு தோறும் சமையலறையில் என் எதிரே பருப்பு புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிறன்று பேச்சின் நடுவில் ஏலக்காய்த் தேநீர் அனுப்பிய எதிர்க்கடை அண்ணன் பணம் வாங்க மறுத்துவிட்டார். அவருக்கும் நன்றி. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் சைமன் ராட்டில் நடத்திய லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் நடுவே, ஒரே சுரத்தை விரலால் தட்டியபடி சலித்துப்போய் மிஸ்டர் பீன் உட்கார்ந்திருந்த காட்சிதான் கடைசி. அதற்கு நீங்கள் சிரித்த சிரிப்பு தேநீர்க் கடை வரை கேட்டதாம்.

கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான். எட்டு வயது இருக்கும். “அந்தக் க… க… க…” என்று தொடங்கி நின்றுவிட்டான். நான் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் திரும்பி முறைக்கவில்லை. மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். “அந்தக் கரடி பொம்மைக்குப் பேச வருமா?” என்று முழுதாகக் கேட்டு முடித்தான். வராது, ஆனால் மிஸ்டர் பீன் அதனிடம் பேசிக்கொண்டுதான் இருப்பார் என்றேன். எனக்கும் அதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆனது. அவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

அவனை அழைத்து வந்த பாட்டிக்கு ஒரு வேண்டுகோள். மேசை மேல் அழகுக்காக வைத்திருந்த பழுப்புக் கரடி பொம்மை என் மகளுடையது. அதை அவனுக்கே கொடுக்கச் சொல்லிவிட்டாள். நூலகர் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. மற்ற நாட்களில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.