சிவப்பு லைற்றும் ஆறு குழியும்

அன்புள்ள பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். நேற்றிரவு நீ போனில் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது, மிச்சம் அறுந்து போய்விட்டது. அதுதான் தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெடியனிடம் கொடுக்கிறேன். வாசித்துவிட்டு எறியாதே, சார்ஜருக்கு மேலே சுவரில் ஒட்டு.

நிலவறைக்குள் ஒரு குழி, அதில் ஊறுகிற தண்ணியை இறைக்க ஒரு பம்ப், கரண்ட் போனால் பற்றரியில் ஓட இன்னொரு பம்ப் என்று நீ சொன்னதைக் கேட்டு அப்பா சிரித்தார். "நாங்கள் தண்ணிக்காகக் கிணறு வெட்டினோம், இவள் வீட்டுக்குள்ளேயே கிணறு வைத்திருக்கிறாள்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2024 ஜூலையில் அங்கே ரொறன்ரோவில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றருக்குக் கிட்ட மழை கொட்டி, நகரத்தில் பல இடங்களில் கரண்டும் நின்றது நினைவிருக்கிறதா? மழை அடிக்கிற நேரம் பார்த்துத்தான் கரண்டும் போகும். 2018 டிசம்பரில் வெள்ளம் வந்து இரணைமடுக் குளத்துக் கதவுகளைத் திறந்தபோது இங்கே நாங்கள் பட்டது உனக்குத் தெரியும். அதனால் அந்தப் பற்றரியை விளையாட்டாக எடுக்காதே.

மூன்று நாளாகச் சார்ஜரில் சிவப்பு லைற் எரிகிறது, ராத்திரியில் பீப் பீப் என்று கத்துகிறது என்றாய். முதல் நாள் சிவப்பென்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். 75 அம்பியர் மணிப் பற்றரி இறங்கிக் கிடந்தால், 2 அம்பியர் கொடுக்கிற சின்னச் சார்ஜருக்கு ஒன்றரை நாளுக்கு மேல் வேண்டும். மூன்று நாள் என்பது சரியில்லை.

முதலில் பிளக் செருகியிருக்கிற இடத்தில் கரண்ட் வருகிறதா என்று பார். ஒரு மேசை விளக்கைச் செருகினால் போதும். ஈரமான இடத்து பிளக்கில் சின்னப் பொத்தான் ஒன்று இருக்குமாமே, அது தானாக விழுந்திருந்தால் திரும்ப அமத்து. லைற் சுவிட்சோடு சேர்ந்து அணைகிற பிளக்கில் சார்ஜரைச் செருகவே கூடாது. படியேறும்போது மருமகன் சுவிட்சை அணைத்தால் சார்ஜரும் சேர்ந்து செத்துவிடும்.

அடுத்தது பற்றரியின் தலை, அதுதான் வயர் பூட்டுகிற முனை. நீ அனுப்பிய படத்தில் சிவப்பு வயர் பிடித்திருக்கிற தலையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. பூத்த தலைக்குள்ளால் கரண்ட் ஒழுங்காகப் போகாது. கைக்காப்பைக் கழற்றி வை. சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கு. பிறகு கறுப்பை முதல் கழற்று, சிவப்பைப் பின்னால். திரும்பப் பூட்டும்போது சிவப்பு முதல், கறுப்பு கடைசி. அப்பச்சோடாவைத் தண்ணியில் கரைத்துப் பழைய பல் தூரிகையால் தேய். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடாத் தண்ணி ஒரு துளி உள்ளே போனாலும் அசிட் கெடும். துடைத்துக் காயவைத்து, வயரை இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் வாசலின் பூசு.

இதெல்லாம் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று உன் பிள்ளைகள் கேட்பார்கள். 1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தபோது, லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசினின் எஞ்சினில் பெல்ற் போட்டு லொறி டைனமோ ஒன்றைச் சுழற்றி, ஊருக்கெல்லாம் பற்றரி சார்ஜ் பண்ணிக் கொடுத்தோமே. எஞ்சின் மண்ணெண்ணெயில்தான் ஓடும். அப்பா வயலுக்குப் போனால் கடை என் கையில். நீ வாசலில் சீட்டெழுதிக் கொண்டிருப்பாய். ஒரு நாள் ஒருவர், "காசு வாங்கிவிட்டு அரைகுறையாகச் சார்ஜ் பண்ணியிருக்கிறியள், ஒரு மணித்தியாலம்கூட ரேடியோ பாடவில்லை" என்று சண்டைக்கு வந்தார். நான் பற்றரியை மறுபடி பூட்டி, ஆறு மூடியையும் திறந்து அவரையே பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு மூடிக்குக் கீழேயும் அசிட் நிற்கிற ஒரு குழி. ஐந்து குழியில் நுரை பொங்குகிறது, மூன்றாவது குழி மட்டும் குளத்துத் தண்ணி மாதிரிச் சும்மா கிடந்தது. அந்தக் குழி செத்துவிட்டது. அவர் வாயே திறக்கவில்லை.

உன்னிடம் உள்ளது மூடி திறக்கிற பற்றரியா, அடைத்ததா என்று படத்தில் தெரியவில்லை. திறக்கிறதென்றால் உள்ளே தட்டுகள் தண்ணிக்குள் மூழ்கியிருக்க வேண்டும். குறைந்திருந்தால் கடையில் விற்கிற காய்ச்சி வடித்த தண்ணியை மட்டும் விடு. குழாய்த் தண்ணி வேண்டாம், அசிட்டும் வேண்டாம். இங்கே கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு என்று நான் மழைத் தண்ணி பிடித்து வைத்திருப்பேன், ஞாபகமா? நிறைய விடாதே, சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். அடைத்த பற்றரி என்றால், சார்ஜரில் எந்த வகை என்று தெரிவு செய்கிற பொத்தானைச் சரியாக வை.

பார்க்கும்போது ரோச் லைற் பிடி, நெருப்பு வேண்டாம். சார்ஜ் ஏறுகிற பற்றரியிலிருந்து ஐதரசன் வரும். ஜாம்போத்தல் விளக்கோடு அப்பா ஒரு முறை குனிந்து பார்த்து, டப்பென்று வெடித்து, சாரம் முழுக்க ஓட்டை. கண் தப்பியது கடவுள் புண்ணியம். கிணற்றடிக்கு இழுத்துப் போய் வாளி வாளியாக ஊற்றினேன். நீ கண்ணாடியும் கையுறையும் போடு.

சரி, இனி வோல்ற் அளக்கிற மீற்றர். சார்ஜரைப் பிடுங்கி நாலைந்து மணித்தியாலம் விட்டு அள. 12.6 வோல்ற்றுக்கு மேலே இருந்தால் நல்லது. 12.0 என்றால் முக்கால்வாசி இறங்கிவிட்டது. எவ்வளவு ஏற்றினாலும் 10.5இலேயே நின்றால் ஒரு குழி செத்தது, வேறு பற்றரிதான். பிறகு சார்ஜரைச் செருகி மறுபடி அள. 13, 14 என்று ஏறாமல் முந்திய எண்ணிலேயே நின்றால் கரண்ட் பற்றரிக்குப் போகவில்லை, வயரில் உள்ள பியூஸைப் பார். இன்னொன்று, இந்தக் காலத்துச் சார்ஜர்களில் சில, அடியோடு இறங்கிய பற்றரியை ஏற்றாமல் மறுத்துவிடும்.

மருமகன் காசு மிச்சம் பிடிக்கக் காரில் கிடந்த பழைய பற்றரியைப் பூட்டியிருந்தால் என்னிடம் மறைக்க வேண்டாம். கார்ப் பற்றரி ஒரு நொடி உதறி எஞ்சினை எழுப்பச் செய்தது. மணிக்கணக்காகப் பம்ப் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

பற்றரியைச் சீமெந்து நிலத்தில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று அங்கே யாராவது சொல்வார்கள். அது அந்தக் காலத்துக் கதை, இப்போதைய பிளாஸ்ரிக் பெட்டிக்குப் பொருந்தாது. ஆனாலும் பற்றரியையும் சார்ஜரையும் உயரத்தில் வை, வெள்ளம் வந்தால் முதல் நனைவது அதுகளாக இருக்கக் கூடாது.

எல்லாம் சரிவந்து லைற் பச்சையானாலும் நான் நம்பமாட்டேன். பெரிய பம்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வாளியால் குழிக்குள் தண்ணி ஊற்று. பற்றரிப் பம்பின் மிதவை கொஞ்சம் உயரத்தில் இருக்கும், அதுவரை ஊற்ற வேண்டும். அது மேலெழும்பிப் பம்ப் ஓடி, தண்ணி வெளியே போகிறதா பார். முடிந்ததும் பெரிய பம்பை மறக்காமல் செருகு.

ஊற்றுகிறதை வீடியோ எடுத்து அனுப்பு. முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பம்ப் இழுக்கிற சத்தம் வடிவாகக் கேட்க வேண்டும். அப்பாவுக்கும் கேட்க வேண்டுமாம்.

அம்மா