கூலி தந்தீர்கள், உரிமை வாங்கவில்லை: நலன்புரி அமைப்பு ஒன்றின் நிர்வாகத்தினருக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் வாழ்வாதார உதவி வழங்கும் விழாவில் நான் எடுத்த படங்கள் இப்போது எங்கெங்கே இருக்கின்றன என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நடந்த அனைத்தையும் திருப்பிச் சொல்லப் போவதில்லை. விழாவுக்கு முன்னர் தந்த விலைக் குறிப்பில், ஓர் ஆல்பம், உங்கள் ஆண்டறிக்கை, உங்கள் முகநூல் பக்கம் ஆகியவற்றுக்கு மட்டுமே அந்தத் தொகை என்று எழுதியிருந்தேன். கையெழுத்துக் கேட்டபோது, "தம்பி, எங்களுக்குள் என்ன எழுத்து?" என்றீர்கள். பிறகு அதே படங்கள் புலம்பெயர் நாடுகளில் விற்கப்படும் நாட்காட்டியில் வந்தன. நிதி சேர்க்கும் இராப்போசன விருந்தின் பதாகையில் வந்தன. உங்களுக்கு அனுசரணை வழங்கிய வியாபார நிலையத்தின் விளம்பரத்திலும் வந்தன. எனக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கூட வரவில்லை.

இனி வரும் விழாக்களுக்கு நான் கேட்பது ஒன்றே. எடுக்கும் படத்தை எதற்கு, எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதை வேலைக்கு முன்னரே ஒரு தாளில் எழுதுங்கள். இருவரும் அதில் கையெழுத்து வைப்போம்.

நாட்காட்டியில் ஓகஸ்ட் மாதப் பக்கத்தில் இருக்கும் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையல் இயந்திரத்தை வாங்கிக்கொண்டு தலை குனிந்து நின்ற கணத்தில் எடுத்த படம் அது. கண்கள் கலங்கியிருந்தன. ஆல்பத்துக்காக எடுத்தேன், ஆல்பத்தில் அது அழகாகவே இருந்தது. நாட்காட்டியிலோ அதன் கீழே, கணவனை இழந்து ஒரு வேளை உணவுக்கும் வழியற்றவர் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அவர் கணவனை இழந்தவர் என்பது உண்மை. உணவுக்கு வழியற்றவர் என்பது உண்மையல்ல. வயல் வேலைக்குப் போய், வீட்டோடு கோழி வளர்த்து, யாரிடமும் கையேந்தாமல் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பிய பிறகுதான் அவருக்கே விடயம் தெரிந்தது. மூத்த மகள் சில நாட்கள் பாடசாலைக்குப் போக மறுத்திருக்கிறாள். அந்த அம்மா என் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்று கேட்டார்: "தம்பி, என்னைக் காட்டி எவ்வளவு சேர்த்தார்கள்? அதில் உமக்கு எவ்வளவு?"

உங்கள் அலுவலகத்துக்கு அவர் வரவில்லை. படம் எடுத்தவன் யாரென்று தெரியும், அதனால் என்னிடம் வந்தார். நான் இந்த ஊரில் வாழ்பவன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலிலும் புதுக்குடியிருப்புச் சந்தையிலும் அவர் எதிரே வருவார். நான் ஒரு சதமும் பெறவில்லை என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

இங்கே ஒரு படத்துக்கு உள்ள பாரம் உங்களுக்கும் தெரிந்ததே. 2009இல் போரின் இறுதி நாட்களில் மாத்தளன், முள்ளிவாய்க்கால் வழியாக உடுத்த உடையோடு வெளியேறிய குடும்பங்கள் பலவற்றில், இறந்தவரின் முகம் பார்க்க ஓர் ஆல்பம்கூட மிஞ்சவில்லை. மங்கிப்போன அடையாள அட்டையைக் கொண்டுவந்து, அதிலிருக்கும் முகத்தைப் பெருப்பித்துச் சட்டம் போட்டுத் தரும்படி இன்றும் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில் ஒருவரின் முகத்தை அவரிடம் கேளாமல் விற்பனைப் பொருளாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

"பணம் தந்துவிட்டோமே, படங்கள் எங்களுடையவைதானே" என்று உங்கள் உறுப்பினர் ஒருவர் சொன்னார். இல்லை ஐயா. வயலை உழக் கூலி கொடுத்தவர் உழவு இயந்திரத்தைத் தன் வளவில் நிறுத்திக்கொள்வதில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் ஒரு படைப்பாகவே பாதுகாக்கிறது. பதிவு எதுவும் தேவையில்லை, படைத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் தன் பணியின்போது எடுத்த படமானால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து உரிமை முதலாளிக்குப் போகும். நான் உங்கள் ஊழியன் அல்லன். உரிமையைக் கைமாற்றுவதானாலும் பயன்படுத்த அனுமதிப்பதானாலும் அது எழுத்தில், இரு தரப்பின் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் ஏற்பாடு. படைத்தவரின் பெயரைக் குறிப்பிடுவதும் அதில் சொல்லப்பட்ட உரிமைதான். நாட்காட்டியில் அச்சகத்தின் பெயர் இருக்கிறது, படம் எடுத்தவரின் பெயர் இல்லை.

விலை பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். விழாவன்று நான் நின்ற மணித்தியாலங்களுக்கு மட்டுமானதல்ல என் கூலி. படங்களைத் தெரிவு செய்வதும், நிறம் திருத்துவதும், அழியாமல் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் பிரதி வைப்பதும் விழாவை விட நீண்ட வேலை. 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது, இறக்குமதியாகும் கமராவும் லென்ஸும் எங்கள் கைக்கு எட்டாத விலைக்கு ஏறின. கமராவின் ஷட்டருக்கும் ஆயுள் உண்டு. நடுத்தர வகைக் கமராக்கள் பலவற்றுக்கு 150,000 முதல் 200,000 சொடுக்குகள் வரை என்று தயாரிப்பாளர்களே கணக்குச் சொல்கிறார்கள். ஒவ்வொரு விழாவும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. இவையெல்லாம் படப்பிடிப்புக் கூலிக்குள் அடங்குபவை.

பயன்பாட்டுக் கட்டணம் வேறு. உங்கள் அலுமாரியில் இருக்கும் ஆல்பமும், ஆயிரக்கணக்கில் அச்சாகி வெளிநாட்டில் விற்பனையாகும் நாட்காட்டியும் ஒன்றல்ல. எத்தனை பிரதிகள், எந்த நாடு, எவ்வளவு காலம், விற்பனைக்கா இலவசமா என்று பார்த்தே தொகை சொல்ல முடியும். அந்தப் படத்தை வேறு எவருக்கும் கொடுக்கக் கூடாது என்றால் கட்டணம் இன்னும் கூடும், ஏனெனில் அதனால் எனக்கு வரக்கூடிய வேறு வருமானம் அடைபடுகிறது. அனுசரணையாளருக்குப் படம் வேண்டுமென்றால் அவர் என்னிடம் தனியாகக் கேட்க வேண்டும். உங்களுக்குக் கிடைத்த அனுமதியை நீங்கள் இன்னொருவருக்குக் கொடுத்துவிட முடியாது. பந்தல்காரரும் ஒலிபெருக்கிக்காரரும் சிற்றுண்டி தந்தவரும் அச்சகத்தாரும் தத்தம் விலையைச் சொன்னபோது, இது தொண்டு என்று யாரும் குறைக்கச் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னீர்கள்.

தொண்டு என்பதற்காகவே நான் பல இடங்களில் பணம் வாங்காமல் படம் கொடுத்திருக்கிறேன், இனியும் கொடுப்பேன். இலவச அனுமதியும் அனுமதிதான். அதையும் எழுதிக் கொடுப்பேன்.

இன்னொன்று. "மெமரி கார்டில் இருக்கும் எல்லாவற்றையும் அப்படியே தாருங்கள்" என்று கேட்கிறீர்கள். தர முடியாது. கண் மூடியபடி, வாய் திறந்தபடி, சேலை விலகியபடி எடுபட்ட படங்கள் அதில் இருக்கும். கமராவுக்கு முன்னால் வர விரும்பாமல் பின்வரிசையில் இருந்தவர்களும் இருப்பார்கள். எங்கள் ஊர்களில் ஒருவர் எந்தக் கூட்டத்தில் யாருக்குப் பக்கத்தில் இருந்தார் என்பதைக் காட்டும் படம், அவரை விசாரணைக்கு இழுத்துவிடக்கூடும். காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தைப் படம் பிடித்த எவருக்கும் இந்தப் பயம் புதிதல்ல. என் படத்துக்கு நான் தரும் அனுமதியும், படத்தில் இருப்பவர் தன் முகத்துக்குத் தரும் சம்மதமும் வெவ்வேறு. நீங்கள் எனக்கு எவ்வளவு பணம் தந்தாலும் அந்த அம்மாவின் சம்மதத்தை என்னால் விற்க முடியாது.

போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குப் பின்னால் நின்ற முகங்கள் உலகெங்கும் போயின. அவர்களில் எத்தனை பேரிடம் கேட்கப்பட்டது? வெளியாட்கள் கேளாமல் எடுத்தார்கள் என்று இத்தனை ஆண்டுகளாக நொந்துகொள்கிறோம். எங்கள் மக்களுக்காக என்று தொடங்கப்பட்ட அமைப்புகளும் அதையே செய்தால், கண்ணீர் தெரியும் படத்துக்குத்தான் கூடுதல் நன்கொடை வரும் என்று கணக்குப் பார்த்தால், நாங்கள் யாரிடம் போய் முறையிடுவது?

மடல் நீண்டுவிட்டது. உங்கள் பணிகளில் எனக்கு மதிப்பு உண்டு, அந்தத் தையல் இயந்திரம் அந்த வீட்டில் இன்று சோறு போடுகிறது என்பதையும் அறிவேன். ஆகவே பணிவாகக் கேட்கிறேன். நாட்காட்டியின் எஞ்சிய பிரதிகளை விற்பதை நிறுத்துங்கள். அனுசரணையாளரின் விளம்பரத்திலிருந்து படங்களை நீக்கச் சொல்லுங்கள். நிர்வாகக் குழுவிலிருந்து இருவராவது அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய், அச்சிட்ட வாசகத்துக்காக அவரிடமும் மகளிடமும் வருத்தம் தெரிவியுங்கள். ஏற்கெனவே பயன்படுத்திய படங்களுக்குரிய கட்டணத்தைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

அடுத்த விழாவுக்கு என்னை அழைத்தாலும் வேறொருவரை அழைத்தாலும், முதலில் அந்த ஒரு தாளை எழுதுங்கள். மாதிரி ஒன்றைத் தமிழில் தயாரித்து இந்த மடலோடு உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். திருத்தங்கள் இருந்தால் குறித்து அனுப்புங்கள், பேசித் தீர்க்கலாம்.

இப்படிக்கு,
வன்னியில் ஸ்டூடியோ நடத்தும் ஒரு நிகழ்வுப் படப்பிடிப்பாளர்