ஞாயிறு மாலை நால்வர் இசை: ஒரு பாய் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குக் கல்பாத்தி வீட்டுக் கூடத்தில் இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), ஒரு செல்லோ (தரையில் ஊன்றி உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வயலின் போன்றது). மைக் கிடையாது. ஃபேனையும் நிறுத்திவிடுவோம், போன தடவை அந்தச் சத்தத்தில் வியோலாவின் அடித்தந்தி காதிலேயே விழவில்லை, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. செல்லோவின் அடியில் கூரான கம்பி உண்டு, சிவப்புத் தரை கீறிவிடும். தடித்த கயிற்றுப் பாய் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.

அப்புறம், புதுப் படைப்பு நிதி. 1977-இல் தொடங்கிய சேம்பர் மியூசிக் அமெரிக்கா என்ற, சிறு குழு இசைக்கான அமைப்பு, புதிய இசையை எழுதி வாங்கக் குழுக்களுக்குப் பணம் தருகிறது. பாடகர் செம்பையும் மிருதங்க வித்வான் மணி ஐயரும் வாசம் செய்த பாலக்காட்டில் நாமும் சிறிய அளவில் செய்யலாமே. முடிந்ததைக் கொடுங்கள், பொருளாளர் வாசலில் இருப்பார்.