ஹார்ட்ஃபர்டில் இருக்கும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் நலமாக இருக்க மீனாட்சி துணை. வாரா வாரம் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "எல்லாம் நல்லா இருக்குப்பா" என்பாய், நான் "சரிம்மா" என்பேன், அதற்குள் அம்மா போனை வாங்கிக்கொள்வாள். எழுதினால் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லலாம்.

சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம் நல்லபடியாக நடந்தது. எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். சரவணனும் லீவில் வந்திருந்தான். திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் என்னிடம் பேசிக்கொண்டிருந்தான். அது இருக்கட்டும்.

போன தடவை நீ கொண்டுவந்து கொடுத்த மார்க் ட்வெயின் புத்தகங்களை எல்லாம் படித்து முடித்துவிட்டேன். அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் சேர்த்துத்தான். நீ போட்டோ அனுப்பினாயே, ஃபார்மிங்டன் அவென்யூவில் 25 அறைகள் உள்ள அவருடைய செங்கல் வீடு, அங்கே குட்டியை இன்னொரு தடவை கூட்டிப்போ. நூலக அறையில் கணப்பு மாடத்தின் மேல் இருக்கும் பொம்மைகளையும் படங்களையும் வரிசையாகக் காட்டு. ஒரு கோடியில் பூனைப் படத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு பொருளையும் வரிசை மாறாமல் கதைக்குள் கொண்டுவரச் சொல்லி அவருடைய பெண்கள் மூவரும் அவரைப் படுத்துவார்களாம். தினமும் புதுக்கதை வேண்டும். குட்டிக்கு அது பிடிக்கும்.

அவரும் என்னைப் போல அச்சுக்கு எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்தான் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது பாப்பா. மிசௌரியில் ஹானிபல் என்கிற ஆற்றங்கரை ஊர். 1847இல் தகப்பனார் இறந்தபோது அவருக்குப் பதினொரு வயது. அப்புறம் அச்சகத்தில் வேலை பழகப் போனார். அண்ணன் நடத்திய பத்திரிகைக்கும் எழுத்துக் கோத்தார். உலகத்தையே சிரிக்க வைத்தவர் என்று படித்த மனிதர் நம் தொழில்காரர் என்று தெரிந்ததும் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அதே தொழில்தான் அவரைக் கடனில் இறக்கியது. அங்கே கீழே ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள் என்றாயே, அதைப் பற்றி நான் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தைக் கோத்து முடித்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். எழுத்தை அடுக்கும் ஸ்டிக்கில் வரி ஆடாமல் நிற்கும்வரை சொற்களுக்கு நடுவே மெல்லிய ஸ்பேஸ், தடித்த ஸ்பேஸ் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். அச்சடித்த பிறகு, கோத்த பக்கங்களைக் கட்டிய ஃபாரத்தைக் கழுவி, கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு எழுத்தையும் எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். முழுப்பரீட்சை லீவில் நீயும் ஸ்டூல் மேல் ஏறி நின்று பிரித்துப் போடுவாய். 'ழ'வை எல்லாம் 'ள' அறையில் போட்டுவிடுவாய். ஜேம்ஸ் பேஜ் என்பவர் கோப்பது, வரியை நிறைப்பது, பிரித்துப் போடுவது என்று மூன்று வேலையையும் ஒரே மெஷின் செய்யும் என்று சொன்னார். மொத்தம் சுமார் 18,000 பாகங்கள். எழுத்துக் கோத்துக் கை மரத்துப் போனவனுக்கு அப்படி ஒரு மெஷினைக் காட்டினால் எப்படி இருக்கும்? முப்பது வயதில் எனக்கு யாராவது காட்டியிருந்தால் உன் அம்மாவின் நகையை நானும் கேட்டிருப்பேன். அதனால் ட்வெயினைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆரம்பித்த அந்தக் கம்பெனியைப் பற்றியும் நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

1880இல் ட்வெயின் அந்த மெஷினில் போட ஆரம்பித்த பணம் பதினான்கு வருஷம் போய்க்கொண்டே இருந்தது. பேஜ் ஓடுகிற மெஷினையே இன்னும் நன்றாக ஆக்குகிறேன் என்று கழற்றிப் போட்டுவிடுவாராம். இதற்குள் லைனோடைப் என்கிற வேறொரு மெஷின் வந்துவிட்டது. 1886இலேயே நியூயார்க்கில் ஒரு பத்திரிகை அதை ஓட்டியது. ஈயத்தை உருக்கி முழு வரியாக வார்க்கும். வேலை முடிந்தால் மறுபடி உருக்கிக்கொள்ளலாம், பிரித்துப் போடுகிற வேலையே கிடையாது. அதோடு பேஜின் கதை முடிந்தது. மூன்று லட்சம் டாலர் அளவுக்குப் போயிற்று என்கிறார்கள். அந்தக் காலத்து மூன்று லட்சம்! மனைவி ஒலிவியாவுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த பணமும் அதில் கரைந்தது.

எதையும் முழுக்கப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே பாப்பா. பெண்டாட்டியும் சேர்ந்து போட வேண்டிய கையெழுத்தாக இருந்தால் இன்னும் நன்றாகப் படி. நீ எதிலாவது போட்டிருக்கிறாயா என்று நான் கேட்கவில்லை.

நீ கணக்கில் கெட்டிக்காரி. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கியபோது அச்சகத்தில் எல்லாருக்கும் நான்தான் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவு கணக்குத் தெரிந்தவள், பெரியம்மா வீட்டு விஷயத்தைக் கண்ணால் பார்த்தவள், அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

1894 ஏப்ரலில் ட்வெயினுடைய பதிப்பகமும் மூழ்கியது. ஜனாதிபதியாக இருந்த கிரான்ட்டின் சுயசரிதையைப் போட்டு, கிரான்ட்டின் மனைவிக்கு 1886இல் இரண்டு லட்சம் டாலருக்கு செக் கொடுத்த பதிப்பகம். கடன்காரர்கள் நூறு பேர் அளவுக்கு இருந்தார்கள். திவால் என்று ஆனபிறகு இருப்பதைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளச் சட்டம் விட்டது. ஒலிவியா விடவில்லை. கடைசி காசுவரை கொடுக்க வேண்டும் என்றார். ரோஜர்ஸ் என்கிற எண்ணெய் கம்பெனிக்காரர் கணக்கு வழக்கைப் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். வெளியாள் ஒருவரை உள்ளே விட்டுக் கணக்கைக் காட்டினார்களே, அங்கேதான் அவர்கள் பிழைத்தார்கள் என்று நான் நினைக்கிறேன். கடன் இருக்கிறது, அடைக்கப் போகிறேன் என்று ட்வெயின் பத்திரிகையிலேயே சொல்லிவிட்டார். அறுபதைத் தொடும் வயதில் உடம்பில் கட்டியோடு உலகம் சுற்றி மேடையில் பேசக் கிளம்பினார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அப்புறம் நம் நாடு. 1896 மார்ச் கடைசியில் கல்கத்தாவில் கப்பல் ஏறி, மெட்ராஸில் ஒரு நாள் நின்று, இலங்கை வழியாக மொரிஷியஸ் போயிருக்கிறார். நம் ஊர்ப் பக்கம் அவர் கடனோடுதான் வந்து போயிருக்கிறார். 1898 தொடக்கத்தில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டார்.

ஆனால் பாப்பா, கடனைப் பற்றிச் சொல்வதற்காக நான் இதை எழுத உட்காரவில்லை.

கிளம்பும்போது மூத்த பெண் சூசியையும் கடைசிப் பெண் ஜீனையும் அமெரிக்காவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். எல்மைரா ரயில் நிலையத்தில் விளக்கடியில் நின்று சூசி கையாட்டினாள். பதிமூன்று வயதில் அப்பாவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதத் தொடங்கிய பெண் அவள். அவள் எழுதியதைப் பிழைகூடத் திருத்தாமல் தன் சுயசரிதையில் எடுத்துப் போட்டிருக்கிறார். ஒரு வருஷம் கழித்து, பயணம் முடிந்து, பெண்கள் இங்கிலாந்துக்கு வந்து சேருவார்கள் என்று காத்திருந்தபோது அவர்களுக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. சூசிக்கு லேசாக உடம்பு சரியில்லை, பெரிதாக ஒன்றும் இல்லை என்று. தந்திமேல் தந்தி கொடுத்தார்கள். மெதுவாகத்தான் குணமாகும், ஆனால் நிச்சயம் குணமாகும் என்று பதில் வந்தது. தாயும் நடுப்பெண்ணும் கப்பல் ஏறிவிட்டார்கள். அவர்கள் நடுக்கடலில் இருக்கும்போது, 1896 ஆகஸ்ட் 18, அந்த ஹார்ட்ஃபர்ட் வீட்டிலேயே சூசி போய்விட்டாள். மூளைக் காய்ச்சல். வயது இருபத்துநான்கு. தகப்பனார் இங்கிலாந்தில் கில்ஃபர்டில் தனியாக நின்றபடி அந்தத் தந்தியை வாங்கினார். அந்த வீட்டில் அவர்கள் அப்புறம் குடியிருக்கவே இல்லை, 1903இல் விற்றுவிட்டார்கள்.

அவருக்காவது கப்பலையும் தந்தியையும் குறை சொல்லலாம். எங்களுக்கு என்ன குறை? நொடியில் முகம் பார்க்கலாம். நீ கேமராவைக் குட்டி பக்கம் திருப்பிவிடுகிறாய். போன மாசம் முழுக்க உன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை முன்பெல்லாம் வந்து "மாமா, சாப்பிட்டீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார். இப்போது அவர் மீட்டிங்கில் இருக்கிறார் என்கிறாய், அங்கே ராத்திரி பதினொரு மணிக்கு.

ட்வெயின் எழுதியதில் டாம் சாயர் பிள்ளைகள் படிக்க நல்ல புத்தகம். ஹக்கிள்பெரி ஃபின்தான் பெரிய புத்தகம். கடைசியில் டாம் வந்து ஜிம்மை அடைத்து வைத்த இடத்திலேயே வைத்து விளையாடுகிற பகுதி எனக்குப் பிடிக்கவில்லை, நீளமாகவும் இருக்கிறது. நடுவில் ஒரு இடம் இருக்கிறது, நீ படித்திருப்பாய், எனக்காக இன்னொரு தடவை படி. ஜிம் ஓடிவந்த அடிமை. விடியற்காலையில் தெப்பத்தில் முழங்காலுக்கு நடுவே தலையை வைத்துக்கொண்டு புலம்புகிறான், பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்து. ஹக் கேட்கும்போது சொல்கிறான். மகள் எலிசபெத்துக்கு நாலு வயது, ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து பிழைத்திருக்கிறது. கதவைச் சாத்து என்றான். குழந்தை சிரித்துக்கொண்டு நின்றது. சத்தம் போட்டான், அப்படியே நின்றது. ஓங்கி ஒரு அறை, குழந்தை சுருண்டு விழுந்தது. பத்து நிமிஷம் கழித்து வந்தால் கதவு இன்னும் திறந்திருக்கிறது, குழந்தை அங்கேயே அழுதுகொண்டு நிற்கிறது. மறுபடி அடிக்கப் போனான். அதற்குள் காற்றடித்துக் கதவு படாரென்று அவள் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. குழந்தை அசையவில்லை. பின்பக்கமாகப் போய் அவள் தலைக்குப் பக்கத்தில் உரக்கக் கத்தினான். அப்போதும் அசையவில்லை. காய்ச்சலில் காது போய்விட்டது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

அந்தப் பக்கத்துக்கு மேல் அன்று என்னால் படிக்க முடியவில்லை. அம்மா என்ன என்று கேட்டாள், கண் வலி என்றேன். பதில் சொல்லாத பிள்ளையை அதட்டுகிற தகப்பன் நானில்லை பாப்பா. உனக்கு அது தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மேலத்தெரு வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கிறது. வில்லங்கம் எதுவும் இல்லை, என் பேரில்தான் இருக்கிறது. மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களே, அவர்கள் போன வாரமும் வந்தார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் இதைச் சொல்ல வேண்டாம், சொன்னாலும் தப்பில்லை. எதுவானாலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்து மட்டும் போடாதே.

குட்டிக்குக் குளிர் தொடங்கும் முன் சளி மருந்து வாங்கி வை. ஞாயிறு காலையில் அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். உனக்கு அப்போது சனிக்கிழமை ராத்திரி. கூப்பிடு. நான் மட்டும்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா