ஹாலேயிலிருந்து கடலூருக்கு

ஹாலே, ஜெர்மனி
நவம்பர், ஞாயிறு இரவு

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே சுகம். அப்பா, அம்மா, நீ மூவரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

இந்த மாதத்தில் இங்கே மாலை நாலு மணி தாண்டினாலே இருட்டத் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டிக் கிடக்கும், பால், ரொட்டி எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும். டாக்டரானாலும் விசா அலுவலகமானாலும் 'டெர்மின்', அதாவது முன்கூட்டியே குறித்த நேரம், வாங்காமல் போக முடியாது. தேதியும் மணியும் தாளில் இருந்தால்தான் காரியம் நகரும். வந்த புதிதில் யாருக்கும் இது அலுப்புதான். ஆனாலும் மனசுக்குள் சுற்றிக்கொண்டிருப்பதைத் தாளுக்குக் கொண்டுவந்துவிடுகிற பழக்கம் இது. அதைத்தான் உனக்கும் சொல்ல நினைக்கிறேன்.

ஊழியத்துக்குப் படிக்க அழைப்பு இருப்பதாகத் தோன்றுகிறது, ஆனால் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். என்ன பயம் என்று எழுதவில்லையே. பேர் வைக்காத பயம் பெருத்துக்கொண்டே போகும். ஒரு முழுத்தாளை எடு. வரிக்கு ஒரு பயம் எழுது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் யாருக்குப் பாதிப்பு, எவ்வளவு பணம், எந்த மாதத்துக்குள் என்று குறி. 'எதிர்காலம்' என்று எழுதாதே, அதற்குப் பதில் தேட முடியாது. 'அப்பாவின் மருந்துச் செலவை யார் பார்ப்பது' என்று எழுது, அதற்குத் தேடலாம்.

எல்லாப் பயத்தையும் உதறித் தள்ளு என்று சொல்கிற பிரசங்கத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றினால் யாரும் வீட்டைக் காலி செய்வதில்லை. பத்தாம் எண் ஏற்றினால் யாரும் கடலில் இறங்குவதில்லை. கடனும் பெற்றோரின் வைத்தியமும் பெரிய எண். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று லூக்கா 14:28ல் ஆண்டவரே கேட்கிறார். 'மஞ்சக்குப்பத்தில் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள்' என்பது ஒன்றாம் எண்தான். 2 தீமோத்தேயு 1:7ஐச் சொல்லும்போது பலத்தையும் அன்பையும் எல்லாரும் அழுத்திச் சொல்வார்கள். மூன்றாவதாக வருகிற தெளிந்த புத்தியை அவசரமாகத் தாண்டிவிடுவார்கள். தாளும் பேனாவும் அந்த மூன்றாவதைச் சேர்ந்தவை.

நியாயாதிபதிகள் 6ம் அதிகாரத்தை நிதானமாகப் படி. கிதியோன் எதிரிகளான மீதியானியருக்கு மறைத்துக் கோதுமை போரடித்தவன். கர்த்தர் கொடுத்த முதல் வேலை யுத்தம் இல்லை, சொந்தத் தகப்பனுடைய பாகால் பலிபீடத்தை இடிப்பது. வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து, பகலில் செய்யாமல் ராத்திரியில், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு செய்தான். ஏன் ராத்திரியில் செய்தாய் என்று கர்த்தர் கேட்கவே இல்லை. அடுத்த அதிகாரத்தில், யுத்தத்துக்குக் கூடியவர்களில் பயப்படுகிறவர்கள் திரும்பலாம் என்றதும் 22,000 பேர் போய்விட்டார்கள், 10,000 பேர் நின்றார்கள். போனவர்கள் தண்டிக்கப்பட்டதாக ஒரு வரி இல்லை. ஆகவே பயந்ததற்காக உன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளாதே.

மோசேயும் கர்த்தரின் அழைப்பை ஐந்து முறை தட்டிக் கழித்தார். முதல் நான்குக்கும் பதில் கிடைத்தது. 'வேறே யாரையாவது அனுப்பும்' என்ற ஐந்தாவதுக்குத்தான் கர்த்தருக்குக் கோபம் வந்தது, அப்போதும் ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார். உனக்கும் ஒரு ஆரோன் வேண்டும். உன்னைப் புகழாத, வயதில் மூத்த ஒருவர். சபைப் போதகர் ஐயரிடமும் அவரிடமும் மட்டும் இப்போது சொல். முதல் வாரமே சபை முழுக்கத் தெரிந்துவிட்டால், பிறகு வழி தவறென்று பட்டாலும் வெட்கத்தில் திரும்ப மாட்டாய். கூட்டம் முடிந்த ராத்திரி, பாட்டும் கண்ணீருமாக இருக்கும்போது விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதே. தூக்கம் கெட்டிருக்கும்போது உபவாசத்தையும் கூட்டாதே. சூரைச்செடியின் கீழ் சாக வேண்டும் என்று கேட்ட எலியாவுக்கு முதலில் தூக்கமும் அடையும் தண்ணீரும், அதுவும் இரண்டு தரம். பேச்சு அதற்கப்புறம்தான்.

மூன்று மாதம் சின்னதாகச் செய்து பார். வாரம் ஒரு ஓய்வுநாள் பள்ளி வகுப்பு, சனிக்கிழமை நோயாளிகளைச் சந்திப்பது, வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஐந்து நிமிடப் பேச்சு. பேச்சை ஒரு பக்கத்துக்குள் எழுதி, சத்தமாக மூன்று தரம் வாசி. நாக்கு குழறுவது பெரும்பாலும் முதல் இரண்டு வாக்கியத்தில்தான். அந்த இரண்டை மட்டும் மனப்பாடம் செய். மாதக் கடைசியில் தாளை எடுத்துப் பார்த்து, எந்த வரி சுருங்கியது, எது அப்படியே நிற்கிறது என்று குறி.

ஹாலேயில் ஃபிராங்கே என்ற போதகர் தொடங்கிய அனாதை இல்லத்தின் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. இங்கிருந்துதான் மிஷனரி கீர்னாண்டர் 1740ல் நம் கடலூருக்கு வந்தார். 1758ல் பிரெஞ்சுக்காரர் ஊரைப் பிடித்ததும் அங்கே வேலை நின்றது. அவர் கல்கத்தா போனார், அங்கே அவர் கட்டிய ஆலயம் 1770ல் திறந்தது. இடம் மாறினாலும் அழைப்பு மாறவில்லை, அதனால் ஒரு கதவு மூடினால் அழைப்பே பொய் என்று முடிவு கட்டிவிடாதே.

தாளை எழுதியதும் போட்டோ எடுத்து அனுப்பு. அப்பாவின் சர்க்கரை மாத்திரைக்கான பணம் மாதம் முதல் வாரத்தில் என்னிடமிருந்து வரும். அந்த ஒரு வரியை இப்போதே அடித்துவிடு.

அன்புள்ள
அக்கா